பூசாத சுவர்

பால்காய்ச்சுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பூச்சு வேலை எப்போ தம்பி?" மீதிப்பேர் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார்கள். சித்தி ஒருத்தி அம்மாவைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போய், "ரூவா வேணும்னா சொல்லியிருக்கலாம்லா அக்கா, நாங்க என்ன அன்னியமா?" என்றாளாம். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டுச் சுவர் பூசாத செங்கல். வெளியே முழுக்க அப்படி, உள்ளே பாதிக்கு அப்படி. காசு தீர்ந்துபோய் விட்டதல்ல. நான் சொல்லி விட்டது. அப்பா ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் கட்டிய வீடு அது. அவர் முப்பது வருஷம் உழைத்ததை நான் புத்தகத்தில் பார்த்த ஒரு சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று அம்மா இன்றும் நினைக்கிறாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடு கட்டும் பேச்சு தொடங்கியது ஒக்கியில். 2017 நவம்பர் 30 அன்று புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது நாங்கள் நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தோம். ரப்பர், வாழை, தென்னை எல்லாம் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரில் ஆச்சியின் ஓட்டு வீட்டில் பாதி ஓடு பறந்திருந்தது. அப்பா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்: கட்டினால் காங்கிரீட்தான். ஆனால் புயல் போய் வெயில் திரும்பிய பிறகு, ஃபேன் ஓடாத அந்த ராத்திரிகளில் காங்கிரீட்டுக்குக் கீழே புழுங்கிக் கிடந்ததும் நாங்கள்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு மட்டுப்பாவுக்குப் போய்ப் படுத்தோம். அங்கேயும் தரை சுட்டது.

காங்கிரீட் கூரையின் குணம் அது. பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். சாயங்காலம் வெளியே காற்று குளிர ஆரம்பிக்கும் நேரம் பார்த்து, குடித்ததை உள்ளே கக்க ஆரம்பிக்கும். ஃபேனைப் போட்டால் கூரைக்கடியில் நிற்கும் சூட்டைத்தான் கீழே தள்ளும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சித்திரை வெயிலில் அந்த நூறு எங்கே போகிறதென்றே தெரியாது. மின்செலவைக் குறைக்க நாம் தேடுவது ஸ்விட்ச்போர்டில்: எத்தனை நட்சத்திர ஃபிரிட்ஜ், எத்தனை வாட் பல்பு. எனக்குத் தோன்றுவது, நம்முடைய கோடைகால பில்லின் பெரும்பகுதி கூரை வார்த்த அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த யோசனையை எனக்குக் கொடுத்தவர் லாரி பேக்கர். கல்லூரியில் படிக்கும்போது திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குப் போயிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு சுருள் கோபுரம். உள்ளே போனால் தளம் மேலேறிக்கொண்டே போகும். சரிவு நெடுக மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. பீட்ரூட் போட்ட மசாலா தோசை சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு வெளியே மத்தியான வெயில் எரிய, இங்கே ஏசி இல்லாமல் எப்படி இருக்க முடிகிறது என்று நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கட்டியவர் பெயர் அப்போது தெரியாது.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர், குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து மருத்துவ உதவிக் குழுவோடு சீனாவுக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த இடைவெளியில்தான் காந்தியைச் சந்தித்தார். கழிவுத் துணியில் செய்த அவருடைய செருப்பைப் பார்த்துத்தான் காந்தி பேச்சைத் தொடங்கினார் என்று பேக்கர் சொல்லியிருக்கிறார். ஒரு நல்ல கிராமத்து வீடு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருட்களாலேயே கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை அவர் கடைசிவரை திரும்பத்திரும்பச் சொல்லிவந்தார். 1945-இல் தொழுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றின் கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். 1948-இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில் பதினாறு வருஷம் வாழ்ந்தார்.

அந்தப் பதினாறு வருஷம்தான் அவருக்கு உண்மையான கல்லூரி என்று நினைக்கிறேன். மலைக்கிராமத்துக்காரன் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டிய வீடு குளிருக்குத் தாங்கியது. பர்மிங்ஹாமில் படித்தது அங்கே உதவவில்லை. பிறகு வாகமண், அதற்குப் பிறகு திருவனந்தபுரம். 1971-இல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது அந்த வளாகத்தைக் கட்டும் வேலை பேக்கருக்கு வந்தது. அவர் காண்ட்ராக்டரிடம் விடவில்லை. கொத்தனார்களோடு தானே நின்று, பழைய கவரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டிக் கட்டினார். மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்து போகும், மரத்தை வெட்டமாட்டார். ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி வைத்தார். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டப் பலகணிகளைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிது ஒன்றுமில்லை: வெளிச்சம் வடிகட்டி வரும், காற்று தடையில்லாமல் வரும். மரத்தில் ராஜா செய்துகொண்டதை இவர் செங்கல்லில் செய்தார்.

2018-இல் எங்களுக்கு அஸ்திவாரம் போட்டோம். காண்ட்ராக்ட் இல்லை, நாள்கூலிக்கு ஆள் வைத்து நாங்களே நின்று கட்டுவது. கொத்தனார் அண்ணாச்சிக்கு அறுபதைத் தொட்ட வயது. பேக்கர் படம் வரைந்து எழுதிய கைப்புத்தகத்தை நான் விரித்துக் காட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னதுடே, செங்கல்ல நட்டக்குத்தால்லா நிறுத்தியிருக்கான்?"

எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கவேண்டும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். இரண்டையும் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கல். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது. வயர் பைப்பையும் அந்த வெற்றிடத்திலேயே இறக்கிவிடலாம். மூலைகளையும், ஜன்னலின் அடியையும், லிண்டலுக்குக் கீழே வரும் வரிசையையும் மட்டும் பொள்ளல் இல்லாமல் கட்டவேண்டும். பெயரைக் கேட்டதுமே அம்மா, "எலி வந்து குடியிருக்கவா?" என்றாள். அண்ணாச்சி முதலில் மாதிரிக்கு ஒரு சுவரை இடுப்புயரம் கட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தோளைக்கொடுத்துத் தள்ளிப்பார்த்தார். அசையவில்லை. "செரி, கெட்டுவோம்" என்றார். கலவை வெற்றிடத்துக்குள் விழாமல் இருக்க ஒரு ரீப்பர் பலகையைக் குறுக்கே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். பேக்கரின் ஆட்களும் அதைத்தான் செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

கூரைக்கு அப்பா கேட்ட காங்கிரீட்டும் கிடைத்தது, ஆச்சியின் ஓடும் கிடைத்தது. காங்கிரீட் கூரையின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே காங்கிரீட் கம்பியைச் சுற்றி இருந்தால் போதும், நடுவிலிருப்பது சும்மா கனம். அந்தச் சும்மா இடத்தில் மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே வார்த்துவிட்டால் சிமெண்ட் குறையும், கனம் குறையும், கனம் குறைந்ததால் கம்பியும் குறையும். இரண்டு ஓட்டுக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். ஒக்கியில் தப்பிய ஆச்சி வீட்டு ஓடுகளைத்தான் கழுவி எடுத்துவந்தோம். பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு. மேற்குக் கடற்கரை முழுக்கக் கீற்றை இறக்கிவிட்டு அது ஏறியது. இப்போது அதையும் இறக்கிக்கொண்டிருக்கிறோம், பழைய ஓடு எங்கும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எங்கே கம்பி, எத்தனை கம்பி என்பதை ஒரு இன்ஜினியரிடம் கணக்குப் போட்டு வாங்காமல் இதில் கைவைக்காதீர்கள். புத்தகத்தைப் பார்த்துச் சுவர் கட்டலாம், கூரை வார்க்கக்கூடாது.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் எல்லா ஊரிலும் பரவவில்லை? அழகுணர்ச்சி இல்லை, விழிப்புணர்வு இல்லை என்றெல்லாம் சொல்வார்கள். நான் சிமெண்டைக் குற்றம் சொல்வேன். பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய எழுபதுகளில் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த பொருள். பெர்மிட் வாங்கி, காத்திருந்து, கிடைத்ததைக் கொண்டுவர வேண்டும். அன்று சுண்ணாம்பில் கட்டுவது சிக்கனம் மட்டுமல்ல, வேறு வழியும் இல்லை. 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுக்கப் போனது. வளைகுடாப் பணம் மணியார்டராகவும் டிராஃப்டாகவும் வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். பத்து வருஷத்துக்குள் கேரளத்திலும் எங்கள் பக்கமும் ஓட்டு வீடு என்றால் ஏழை வீடு, டெரஸ் வீடு என்றால் கரையேறிய வீடு என்றாகிவிட்டது. பூச்சும் பெயிண்டும் அந்தக் கரையேறியதன் சாட்சி. யாருக்காகப் பேக்கர் செலவைக் குறைத்தாரோ அவர்களுக்கு அந்தச் சாட்சி தேவையாக இருந்தது. பூசாத சுவரை ஆசையாகக் கட்டிக்கொண்டவர்கள் பேராசிரியர்களும், என்னைப்போலப் புத்தகம் படிப்பவர்களும். எங்களுக்குச் சாட்சி வேறு இடத்தில் இருந்தது. செலவைக் குறைப்பது ஏழைக்கு மட்டுமான சங்கதியல்ல என்று பேக்கர் விடாமல் சொன்னார்தான். 1985-இல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும் கே.என். ராஜும் அவரும் சேர்ந்து திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டைத் தொடங்கி, கொத்தனார்களுக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். அந்த அமைப்பு ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் பூசியிருக்கும்போது நாம் பூசாமல் விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது, அது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அம்மா சாப்பிடாமல் படுத்த ராத்திரிதான் எனக்கு இது புரிந்தது.

நான் செய்த தப்புக்கு வருகிறேன். 2019 ஜூனில் முதல் இடவப்பாதி மழை பிடித்தது. மூன்றாம் நாள் மேற்குச் சுவரின் உள்பக்கம் ஈரம் கோர்த்தது. ஒரு வாரத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் கைவைத்தால் ஒட்டியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கட்டிலை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு ஒரு செங்கல் துண்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். முட்டை முட்டையாகக் காற்று வந்தது. "நல்லா வெந்த கல்லுன்னா இப்பிடி குடிக்காது" என்றார். ஆரல்வாய்மொழிச் சூளையில் வாங்கிய கல். காற்றாலைகள் சுழல, அதன் கீழே சூளை புகைந்துகொண்டிருக்கும் இடம். ஐம்பது பைசா குறைவு என்று இரண்டாம் தரத்தை எடுத்தது நான்தான். அதற்கு மேல் இன்னொன்று: கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டவேண்டும் என்று அண்ணாச்சி சொன்னதை, செலவு பார்த்து ஒன்றரை அடியாகக் குறைத்ததும் நான்தான்.

அந்த மாதமே மழையோடு மழையாகத் திருவனந்தபுரம் போய் ஆய்வு மைய வளாகத்தைச் சுற்றிவந்தேன். முன்பு பார்த்தபோது ஜாலியையும் வளைவையும் மட்டும் பார்த்திருக்கிறேன். இந்தமுறை கூரை விளிம்பை மட்டும் பார்த்தேன். மழை எங்கே விழுகிறது, எவ்வளவு தள்ளி விழுகிறது, சுவரின் எந்தப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது. பேக்கர் ஒவ்வொன்றையும் தேவையா என்று கேட்டுத்தான் கழித்தார். கூரையின் நீட்டத்தை அவர் கழிக்கவில்லை. நான் கழித்தேன். அவருடைய சுவரை நகலெடுத்தவன் அவர் கேள்வியை நகலெடுக்கவில்லை.

மேற்குப் பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கினோம், சுவர் காய்ந்தது. நல்லதையும் சொல்லவேண்டும்: அந்த வீட்டில் இதுவரை ஏசி வாங்கவில்லை. சித்திரையில்கூட அப்பா ராத்திரி ஃபேனை இரண்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். 2024-இல் சோலார் தகட்டுக்கு மத்திய அரசின் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தபோது நானும் கணக்குப் போட்டேன். எங்கள் பில்லுக்கு அவ்வளவு பெரிய தகடு தேவைப்படவில்லை.

போன மாதம் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீட்டார் வந்து பார்க்கிறோம் என்றார்கள். அம்மா என்னிடம் சண்டை போடவில்லை. "முன்பக்கம் மட்டுமாவது பூசிரு மக்களே" என்றாள், அவ்வளவுதான். தங்கையிடம் கேட்டேன். "சுவரப் பாத்துப் போறவன் போட்டும்" என்றாள். ஆனால் அம்மா கேட்டது தங்கைக்காக மட்டுமல்ல என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணாச்சியிடம் பூசிவிடலாம் என்று சொல்லிவிட்டேன், சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு. சிமெண்ட் வேக 1450 டிகிரி வரை சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். சுண்ணாம்புப் பூச்சு எங்க அப்பனுக்குத் தெரியும். எனக்குக் கை வராதே." கடைசியில் அவருடைய அப்பாவோடு வேலைசெய்த ஒரு தாத்தாவைக் கூட்டிவந்திருக்கிறார். அவரால் சாரத்தில் ஏறமுடியாது, நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். முற்றத்தில் இரண்டு டிரம்மில் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டிருக்கிறோம். கடுக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது. அம்மா காலையும் மாலையும் மூடியைத் திறந்து பார்க்கிறாள்.

"வெள்ளையாத்தானே வரும்?" என்று கேட்டாள். வரும் என்றேன்.