பேச்சுவழக்கு மாற்றம்: போடிநாயக்கனூர், ஏலமலைப் பகுதி

பேச்சுவழக்கு மாற்றம் என்பது, கேட்பவருக்கும் இடத்துக்கும் ஏற்ப ஒருவர் தம் சொல்லையும் விகுதியையும், சில வேளை மொழியையுமே மாற்றிக்கொள்வது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் அதையடுத்த ஏலமலைச் சரிவும் இதற்கு நல்ல சான்று. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்கும் இப்பகுதியிலிருந்து தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்று திரும்புகின்றனர்.

மரியாதை வழக்கு: ஒரே அழைப்பு இளையவரிடம் 'வா', மூத்தவரிடம் 'வாங்க', மேடையில் 'வாருங்கள்' என மாறும். உடன் வேலை செய்யும் மூத்த பெண் 'அக்கா'. அண்ணன் மனைவி 'மதினி'. தோட்ட உரிமையாளர் 'முதலாளி'. மலையாளியிடம் பேசும்போது 'அண்ணே' என்பது 'சேட்டா' ஆகிவிடும்.

தொழில் வழக்கு: 'ஏலம்' என்பது மலையில் செடி, கீழே, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில், விற்பனை. சூழலே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. காய் உலர்த்தும் கட்டடம் 'ஸ்டோர்'. வியாபாரி '8 எம்எம்' என்று பருமன் சொல்லிப் பேசும் சரக்கு, அடுப்படியில் வெறும் ஏலக்காய்.

இலக்கணமும் ஆய்வும்: ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியம் குறிக்கிறது. இடக்கரடக்கல் (கூசும் சொல்லை மறைத்துக் கூறல்), மங்கலம் (மங்கலமற்றதை மங்கலமாகக் கூறல்), குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்) மூன்றையும் நன்னூல் 'தகுதி வழக்கு' என வகுத்தது. எழுத்து, பேச்சு எனப் பிரிந்து நிற்கும் இரட்டை வழக்கைச் சார்லஸ் பெர்குசன் 1959இல் விளக்கினார். கேட்பவரோடு பேச்சு ஒத்துப்போவதை ஹோவர்ட் ஜைல்ஸ் 1970களில் கோட்பாடாக்கினார். ஆனால் நூல்கள் விளக்கும் இந்த 'வா', 'வாங்க' வேறுபாட்டைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகுமுன்பே வீட்டில் கற்றுவிடுகின்றனர்.