கார்த்தேஜ் சிறையில் எழுதிய ஏடு

கி.பி. 203, மார்ச் 6-ஆம் தேதியோடு அந்தக் குறிப்பு நின்றுவிடுகிறது. எழுதியவர் விபியா பெர்பெத்துவா. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சிறையில் கைக்குழந்தையோடு இருந்த 22 வயதுப் பெண். மறுநாள், ரோமப் பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில் அவரையும் தோழர்களையும் விலங்குகளுக்கு முன்னால் நிறுத்துவார்கள். அதை யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

வேதசாட்சிகளின் வரலாறுகளில் வீரவசனத்துக்குப் பஞ்சமே இருக்காது. இந்த ஏட்டில் முதலில் கண்ணில் படுவது பால் கட்டிய தாயின் தவிப்பு. இருட்டறை, புழுக்கம், காவலர்களின் பணப் பிடுங்கல், பசியில் துவண்ட பிள்ளை. தேர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றித் தந்தார்கள். அங்கேதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். நரைத்த தலையோடு அப்பா வந்து மகளின் காலில் விழுந்து கெஞ்சுகிறார். ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ், பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி கொடுத்தால் போதும் என்கிறார். கிறிஸ்தவள் என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு அப்பா பிள்ளையைத் தர மறுத்துவிட, பிள்ளையும் பாலை மறந்தது, தனக்கும் மார்பு வலிக்கவில்லை என்று பெர்பெத்துவா எழுதுகிறார். துணிச்சல் என்றால் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

பெயர் சொல்லாத ஒருவர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டார். உடனிருந்த சாத்தூருஸ் தன் கையால் எழுதிய காட்சியையும் சேர்த்து, சிறையிலேயே பெண் குழந்தை பெற்ற அடிமைப்பெண் பெலிசித்தாவின் கதையையும், களத்தில் நடந்ததையும் எழுதி முடித்தார். அவருடைய நடை அலங்காரமானது. பெர்பெத்துவாவின் பேச்சுநடைக்குப் பக்கத்தில் அது தனியாகவே தெரிகிறது. நல்லவேளை, அவர் பெர்பெத்துவாவின் குறிப்பைத் திருத்தவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆப்பிரிக்கக் கோயில்களில் திருநாளன்று இந்த ஏட்டை வாசித்தார்கள். ஆயர் அகுஸ்தீனார் மறையுரை ஆற்றியிருக்கிறார். ஆனால் ஏட்டில் வரும், பெர்பெத்துவாவின் செத்துப்போன தம்பி தினோகிராத்தெஸ் பற்றிய கனவைக் காட்டி, திருமுழுக்கு பெறாத குழந்தைக்கும் மோட்சம் உண்டு என்று ஒருவர் வாதாடியபோது, இது திருமறை நூல்களில் சேர்ந்ததல்ல என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த ஏட்டுக்குச் சுருக்கப் பதிப்பு ஒன்றும் உண்டு. இடைக்காலத்தில் அதிகம் புழங்கியது அதுதான். அதில் குறிப்பின் பெரும்பகுதி போய், விசாரணை உரையாடல் புகுந்தது. ஏட்டில் தலைகாட்டாத கணவர் வருகிறார். பெர்பெத்துவா பிள்ளையைத் தூக்கி எறிந்து, பெற்றோரையும் விரட்டுகிறார். மார்போடு அணைத்துக் கவலைப்பட்ட தாயை விட, இப்படிக் கல்லாய் நிற்கும் புனிதையைச் சொல்வது எளிதாக இருந்திருக்க வேண்டும்.

முழு ஏட்டை 17-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்தவர் வத்திக்கான் நூலகர் லூக்காஸ் ஓல்ஸ்தேனியுஸ். இத்தாலியின் மோந்தே கசீனோ துறவுமடத்து லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருந்தது. 1661-இல் அவர் இறந்த பிறகே அது அச்சேறியது. 1889-இல் ஆய்வாளர் ரெண்டல் ஹாரிஸ் எருசலேமில் கிரேக்கப் பிரதி ஒன்றைக் கண்டுபிடிக்க, லத்தீனா கிரேக்கமா, எது மூலம் என்ற சண்டை தொடங்கியது. இன்று பெரும்பாலான அறிஞர்கள் லத்தீன் பக்கம்.

1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் மோந்தே கசீனோவைத் தரைமட்டமாக்கின. மடத்தின் பழஞ்சுவடிகளைச் சில மாதங்களுக்கு முன்பே லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியிருந்தார்கள். அந்தப் பிரதி பிழைத்தது. 204 என்ற எண்ணோடு அந்த மடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.