கஞ்சமலை இரும்பும் கும்பினியார் சலுகையும்



அமாவாசை நாளில் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குச் சென்று வழிபட்டு வரும் நம் குடும்பத்தார் பலர். அம்மலையின் அடிவாரத்தில் கருநிறமாய், கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனமாய்க் கிடக்கும் கற்களை அவர்கள் கண்டிருப்பர். அவை காந்தத்தை ஈர்க்கும் இரும்புக் கற்கள். சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்த கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை முதலிய குன்றுகளில் இக்கனி கல் படுகை படுகையாய் அமைந்துள்ளது. இக்கல்லை வைத்து ஒரு பெருந்தொழிலை நாட்டுவதற்காக அக்காலத்து அரசாங்கத்தார் கொடுத்த சலுகைகள் யாவை, அவற்றால் பயனடைந்தார் யார், அடையாது போனார் யார் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்காலத்திலும் கைத்தொழிலுக்கென அரசாங்கத்தார் கடனும் மானியமும் அளித்து வருகின்றனர். அவற்றை நாடி நிற்கும் நம் இளைஞர் பலர். ஆதலின் இது வெறும் பழங்கதை அன்று; அவர்கள் வாழ்வைத் தொடுகின்ற செய்தியென்றே கொள்ளவேண்டும்.

முதலில் நம் நாட்டு உலைக்காரரின் தொழிலைச் சிறிது கூறுவோம். அவர்கள் ஆற்றுமணலிலும் மலைச்சரிவிலும் கிடைத்த கனி கல்லை இடித்து, புடைத்தும் நீரில் அரித்தும் வெண்கல் மாவை நீக்குவர். பின்னர் நான்கைந்து அடி உயரமுள்ள மண் உலையில் அதனைக் கரியோடு மாறிமாறி இட்டு, இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளால் இடையறாது ஊதுவர். மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் உலையின் அடியில் ஒரு கட்டி இரும்பு திரண்டிருக்கும். அவ்விரும்பைத் துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்கட்டையும் பச்சை எருக்கிலையும் சேர்த்துச் சிறு மண்மூசையில் வைத்துக் களிமண்ணால் வாய்மூடி, மீண்டும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தீயில் இடுவர். மூசையை உடைத்தால் உள்ளே இருப்பது உருக்கு. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று வியந்து பேசியது இவ்வகை உருக்கையே. 1795-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இலண்டன் ராயல் சங்கத்தில் இதனைப் பற்றி ஆராய்ச்சியுரை படித்தார்; பின்னர் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்தார். எழுதப் படிக்க அறியாத உலைக்காரரின் கைப்பொருள் உலகத்துப் பேரறிஞர்களுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று என்றால், அவர்தம் அறிவை யாதென்று சொல்வது!

இத்தொழிலைக் கண்ணாரக் கண்டு வியந்தவர்களுள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் ஒருவர். இவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை உத்தியோகத்தர். சேலம், கோயமுத்தூர்ப் பக்கங்களில் வர்த்தக ரெஸிடெண்டாக இருந்தவர். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கும்பினியின் கப்பலுக்கு அனுப்புவதே அவ்வேலை. இவர் போர்பன் என்னும் அயல்நாட்டுப் பருத்தியை இப்பக்கங்களில் பரப்பவும் முயன்றார். ஆயினும் இவர் மனம் முழுவதும் இரும்பிலேயே பதிந்துவிட்டது. 1825-இல் உத்தியோகத்தை விட்டு, ஐரோப்பிய முறையில் இங்கே இரும்பு செய்ய அனுமதி வேண்டினார். இங்கிலாந்து சென்று அத்தொழிலின் நுட்பங்களைக் கற்று மீண்டு, 1830-ஆம் ஆண்டில் பறங்கிப்பேட்டையில் பெரிய உலைகளை அமைத்தார்.

கும்பினியார் இவருக்குச் செய்த உதவி கொஞ்சமன்று. ஐரோப்பிய முறைப்படி இரும்பு செய்யும் தனியுரிமையை, சென்னை ராஜதானி முழுமைக்கும், தங்கள் சாசனக் காலம் முடியும் வரையில் அளித்தனர். கரிக்கு வேண்டிய மரத்தைச் சர்க்கார் தரிசுகளில் வெட்டிக்கொள்ள உரிமை தந்தனர். இவற்றோடு பெருந்தொகைகளை முன்பணமாகவும் கொடுத்தனர். அந்நாளில் வாணிகம் செய்வதே தொழிலாயிருந்த ஓர் அரசு, ஒரு தனி மனிதரின் முயற்சிக்கு இவ்வளவு துணை நின்றது அரிய செய்தியே. 1833-ஐ ஒட்டிப் பங்காளிகள் சேர்ந்து ஒரு கம்பெனியாகவும் அமைந்தனர். மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

இத்தனை இருந்தும் தொழில் நிலைக்கவில்லை. காரணம் என்ன? கனி கல் இருப்பது சேலத்தில். உலை இருப்பது கடற்கரையில். இடையே நேர்க்கோட்டில் அளந்தாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. கல்லை வண்டியில் ஏற்றிக் காவிரிக்கரை சேர்த்து, பரிசல்களில் இட்டுக் கொள்ளிடத்தின் வழியாகக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. மேட்டூர் அணை 1934-இல்தான் முடிந்தது. அதற்கு முன் காவிரியில் வெள்ளம் வரும் பருவத்திற்கே பரிசல் போக்குவரத்தும் கட்டுப்பட்டிருந்தது. அடுத்தது எரிபொருள். நிலக்கரி அருகில் இல்லை. பெரிய உலை தின்னும் மரக்கரியோ ஒரு காட்டோடு நிற்பதன்று. அண்மையிலிருந்த காடு அழிய அழியக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. தொலைவு கூடக் கூட விலையும் கூடிற்று. மூன்றாவது, சந்தை. பறங்கிப்பேட்டை இரும்பு ஷெபீல்டு நகரத்து உருக்குத் தொழிலாளர் விரும்பி வாங்குமளவு உயர்ந்ததாயிருந்தது. ஆயினும் நிலக்கரியால் மலிவாகச் செய்த இங்கிலாந்து இரும்பு கப்பல் கப்பலாய் இங்கே வந்து இறங்கியபோது, விலையில் அதனோடு போட்டியிட இயலவில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டின் உருக்குத் தொழிலையே மாற்றிவிட்ட கண்டுபிடிப்பு அது. ஆயினும் அதனைச் சற்றே திருத்திப் பயன்படுத்தியவர்களோடு வழக்காடி வழக்காடிப் பொருளிழந்து, 1851-இல் அவர் மறைந்தார். 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய நிறுவனம் அவர் தொடங்கிய தொழிலை ஏற்று, சேலம் சீமையிலும் திருவண்ணாமலையிலும் உலைகள் அமைத்துப் பார்த்தது. அதுவும் 1874-இல் கலைக்கப்பட்டது.

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. கும்பினியாரின் முன்பணமும் தனியுரிமையும் பறங்கிப்பேட்டைக்குச் சென்றன. ஆட்டுத்தோல் துருத்தி ஊதிய உலைக்காரருக்குச் சென்றது யாது? ஒன்றுமில்லை. அவர்கள் உலையைச் சட்டம் நேரே தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் மலிவான சீமை இரும்பு வாரச்சந்தை வரைக்கும் வந்தது. கலப்பைக் கொழுவும் மண்வெட்டியும் அதிலேயே செய்யப்பட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்தின்பின் கரி சுடும் வழியும் குறுகிற்று. 1892-இல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து சேலம் ஜில்லாவின் இரும்பையும் இரும்புத் தொழிலையும் பற்றி அறிக்கை எழுதியபோது, அத்தொழில் தேய்ந்து ஒடுங்கும் நிலையில் இருந்தது. தாமே இடித்து, தாமே கரி சுட்டு, தாமே உருக்கிய குடும்பங்கள் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் இறங்கின. அறிவு இருந்தும் அதனை வளர்க்க ஒரு கை நீளாமையால் ஒரு தொழிற்கல்வி முழுதும் இரண்டு மூன்று தலைமுறையில் மறைந்தது. இவ்விழப்புக்குக் கணக்கெழுதினவர் எவரும் இல்லை.

நாரின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரில் ருஷிய நாட்டுச் சணல் இங்கிலாந்துக்குக் கிடைப்பது அரிதாயிற்று. உடனே அதிகாரிகளின் கண் இந்தியச் செடிகளின்மேல் விழுந்தது. டாக்டர் ராயில் என்பவர் 1855-இல் இந்திய நார்ச்செடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். சென்னையில் 1850-இல் கைத்தொழிற் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டரும் நார் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கற்றாழை, சணப்பு, புளிச்சை, எருக்கு என நம் வேலியிலும் தரிசிலும் கேட்பாரற்றுக் கிடந்த செடிகளெல்லாம் பரிசோதனைக்கு வந்தன. நம் குடியானவர் கவலை இறைக்கும் வடத்திற்கும் மாட்டுக் கயிற்றிற்கும் தலைமுறை தலைமுறையாய்த் திரித்த நாரே அது!

இவ்வூக்கத்தின் உச்சமாக, இந்திய சர்க்கார் 1870-இல் ஒரு பரிசை விளம்பரம் செய்தனர். ராமி என்றும் ரீயா என்றும் வழங்கும் செடியின் பட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுக்கும் நல்ல யந்திரம் ஒன்று செய்வோருக்கு 5,000 பவுன் என்பது விளம்பரம். ஒரு டன் நாரை 15 பவுனுக்கு மேற்படாத செலவில் எடுக்கவேண்டும்; அந்நார் இங்கிலாந்துச் சந்தையில் 50 பவுனுக்குக் குறையாது விலைபோகவேண்டும் என்பது நிபந்தனை. 1872-இல் வடநாட்டுச் சஹாரன்பூரில் சோதனை நடந்தது. வந்து நின்றது எடின்பரோவைச் சேர்ந்த கிரெய்க் என்பவரின் யந்திரம் ஒன்றே. அது நிபந்தனையை நிறைவேற்றவில்லை. ஆயினும் முயற்சியை மெச்சி அவருக்கு 1,500 பவுன் கொடுத்தனர். 1879-இல் 50,000 ரூபாய்ப் பரிசோடு மீண்டும் சோதனை நடந்தது. அப்பொழுதும் முழுப்பரிசைப் பெற்றவர் இலர். பணத்தைக் கண்டு யந்திரம் பிறந்துவிடாது. செடியையும் அதன் பசையையும் நாள்தோறும் கையாளுவோரின் அனுபவமும் உடன் சேரவேண்டும் என்பதை அப்பரிசு காட்டிற்று.

நம் சேலத்திலேயே மற்றொரு சோதனையும் நடந்தது. சென்னை சர்க்காரின் தொழில் ஆலோசகராக விளங்கிய ஆல்பிரட் சாட்டர்டன், 1906-ஐ ஒட்டி இங்கே ஒரு கைத்தறி நெசவுச் சாலையை ஏற்படுத்தினார். விசைநாடாத் தறிகளை ஒரே கூரையின்கீழ் வைத்து நெய்தால் நெசவாளர் வருவாய் பெருகுமா என்று பார்ப்பதே கருத்து. வீட்டுத் திண்ணையில் மனைவி மக்களோடு நெய்து பழகிய நம் நெசவாளர் மணியடித்தால் வந்து மணியடித்தால் போகும் சாலைக்கு எளிதில் இணங்கவில்லை. அதற்குள், சர்க்கார் தாமே தொழில் நடத்துதல் தகாது என்று ஐரோப்பிய வர்த்தகர் முறையிட்டனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அம்முறையீட்டின் பக்கமே நின்றார். சாலையும் மூடப்பட்டது. கும்பினியின் காலத்தில் ஓர் ஐரோப்பியருக்கு முன்பணம் அளித்தபோது எழாத ஆட்சேபம், நெசவாளருக்கு ஒரு கூரை வேய்ந்தபோது எழுந்தது! முதல் உலகப்போர் வந்தபின்னரே மனம் மாறிற்று. 1916 முதல் 1918 வரை அமர்ந்த இந்தியக் கைத்தொழிற் கமிஷன், சர்க்கார் தொழில்களுக்கு நேரே துணைபுரியவேண்டும் என்று கூறிற்று. அக்கமிஷனின் தலைவர் யார்? முன்னே சேலத்து இரும்பை ஆராய்ந்த அந்த ஹாலந்தே. அதன்பின் சென்னையில் 1922-ஆம் ஆண்டின் கைத்தொழில் உதவிச் சட்டம் பிறந்தது.

விடுதலைக்குப் பின் வந்தவற்றை நம்மில் முதியோர் நேரே அறிவர். சேலத்துக்கு உருக்காலை வேண்டுமென்று 1967-இல் தமிழகமெங்கும் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970-இல் கஞ்சமலையின் அடிவாரத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981-ஐ ஒட்டி ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயினும் அது எழுந்தது கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையாக அன்று. வெளியிலிருந்து வரும் துருவேறா உருக்குச் சுருள்களைத் தகடாக்கும் ஆலையாகவே எழுந்தது. மலை அப்படியே நிற்கிறது.

இதனோடு சவ்வரிசித் தொழிலை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் கீழ்க்கடல் நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து தாமே அதனைச் செய்யத் தலைப்பட்டனர். கிழங்கு நம் மண்ணில் விளைந்தது. வேலை நம்மவர்க்குத் தெரிந்தது. சந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1981-இல் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்து, இடைத்தரகரின் பிடியிலிருந்து விலையைக் காக்க முற்பட்டது. பெருஞ்சலுகையோடு பிறந்த பறங்கிப்பேட்டை உலை சாம்பலாயிற்று. தேவையில் பிறந்த சவ்வரிசி சேலம், நாமக்கல் ஊர்களில் வேரூன்றிற்று.

ஆதலின் அரசாங்க உதவி வேண்டா என்பது நம் கருத்தன்று. உதவி இன்மையால் அழிந்த உலைக்காரரின் கதையைச் சொன்ன நாமே அங்ஙனம் கூறுதல் பொருந்துமோ? உதவியைக் கேட்குமுன் நாம் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே நம் கருத்து. மூலப்பொருள் அருகில் உளதா? எரிபொருளும் தண்ணீரும் பத்தாண்டு நிற்குமா? வாங்குவோர் யார்? இத்தொழிலை இன்றே கையால் செய்து வருபவர் யார், அவருக்கும் இவ்வுதவியில் பங்குண்டா? இந்நான்கிற்கும் விடையின்றிக் கடன் பெற்றவர் ஹீத் துரையின் வழியே செல்வர். அவருக்கிருந்த கும்பினியின் கருணையும் நமக்கு இராது.

நம் சங்கத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் குடும்பங்களில் தறி, கயிறு, உலை, செக்கு முதலிய தொழில்களை அறிந்த முதியவர் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் சென்று, செய்முறை, அளவு, கருவியின் பெயர் ஆகியவற்றை நம் பிள்ளைகள் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். மூசைக்குள் எருக்கிலை இட்ட கையின் அறிவை ஏட்டிலேற்றியவர் பெரும்பாலும் அயல்நாட்டாரே. அவர் எழுதியிராவிட்டால் இன்று நமக்கு அதுவும் இல்லை. இனியேனும் நம் அறிவை நாமே எழுதுவோமாக.