கல்லாய் இறுகும் பட்டுப்புழு

தென்கிழக்கு லண்டனின் லூயிஷாமில், ராவன்ஸ்போர்ன் ஆற்றையொட்டி 'சில்க் மில்ஸ் பாத்' என்றொரு பாதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய பட்டு நூல் ஆலையின் நினைவாக எஞ்சியிருப்பது இன்று அந்தப் பெயர் மட்டுமே. ஆனால் அந்த நூலைத் தரும் புழு, மரபியலாளர்களின் ஆய்வுகூடங்களில் இன்னும் முக்கிய இடம் வகிக்கிறது.

பட்டுப்புழுவில் 'ஸ்டோனி' எனப்படும் பிறழ்வு வகை ஒன்று உண்டு. தொட்டால் கல்லைப் போல் இறுகியிருக்கும் உடல், புடைத்து நிற்கும் கணுமடிப்புகள், தடைபட்ட நடமாட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்கான மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்து 2014ஆம் ஆண்டு வெளியிட்டனர். புறத்தோல் புரதம் ஒன்றை உருவாக்கும் அந்த மரபணுவின் ஒரு பகுதி இப்புழுக்களில் அற்றுப்போயிருந்தது.

இதன் விளைவு சற்று விசித்திரமானது. குறைபட்ட புரதத்தால் கைட்டின் என்ற பொருளைப் பற்றிக்கொள்ள முடிவதில்லை. ஆகவே தோலில் கைட்டின் குறைகிறது. தோலுக்கு உறுதியளிக்கும் பொருள் குறைந்தால் உடல் தளர வேண்டும் என்றே எவரும் எண்ணுவர், நடப்பதோ நேர்மாறானது. பட்டுப்புழு ஏறக்குறைய 25 நாட்களில், நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோதிருந்த எடையைப்போல் சுமார் 10,000 மடங்கு பெருக்கிறது. ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே தோல் விரிந்து கொடுத்தாக வேண்டும். ஸ்டோனி புழுவின் தோல் போதிய அளவு விரிவதில்லை. உள்ளுறுப்புகளோ வளர்ந்துகொண்டே போகின்றன. அளவுக்கு மீறித் திணித்த மூட்டையைப் போல் உடல் விறைக்கிறது. கணுக்களை மடக்கி நீட்டியே ஊர்ந்து செல்லும் உயிருக்கு இது பெரும் இடர்.

பயிர்களை அழிக்கும் கம்பளிப்புழுக்களைக் கட்டுப்படுத்த இந்த அறிவு உதவக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கைட்டின் உருவாவதைத் தடுக்கும் பூச்சிக்கொல்லிகள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆனால் பட்டுப்புழுவும் அதே அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. அண்டை வயலில் தெளிக்கும் மருந்து மல்பெரி இலையில் படிந்தால் என்னவாகும் என்பதை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பட்டு விவசாயிகளுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

வணிகப் பயனற்றவை என்று ஒதுக்கப்படும் பிறழ்வு வகைகளுக்கு மதிப்பு இருப்பதும் இதனால்தான். தமிழ்நாட்டின் ஓசூரில், மத்திய பட்டு வாரியம் 1991இல் நிறுவிய மரபுவள மையம் இத்தகைய வகைகளையும் பேணி வருகிறது. பட்டுப்புழு முட்டைகளை விதை நெல்லைப்போல் நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு வகையையும் திரும்பத் திரும்ப இலையிட்டு வளர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.