அடைத்த கதவும் நிறைந்த குதிரும்: காஞ்சி வட்டாரத்தில் வீட்டுத் தனிமையின் வரலாறு

தொற்றுநோய்க் காலத்தில் ஒரு குடும்பம் வெளித்தொடர்பை நிறுத்திக்கொண்டு பல நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பதும், அதற்கு வேண்டிய உணவையும் மருந்தையும் முன்கூட்டியே சேர்த்துவைப்பதும் தமிழ்நாட்டுக்கு 2020ஆம் ஆண்டில் புதிதாக வந்த வழக்கங்கள் அல்ல. பெரியம்மை ஊருக்கு ஊர் பரவிய காலத்தில், தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே காஞ்சிபுரத்திலும் அதனை ஒட்டிய ஏனாத்தூர் முதலிய சிற்றூர்களிலும், அம்மை கண்ட வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு எவ்வாறு இயங்கியது, யாரால் அதைத் தாங்க முடிந்தது, எந்த இடத்தில் அது பயனற்றுப்போனது என்பவற்றை அறிவது, இனி வரும் நோய்க்காலங்களுக்கும் வேண்டிய பாடமாகும்.

வைசூரி என்றும் வழங்கப்பட்ட பெரியம்மை ஒரு வீட்டில் கண்டால், அதை மாரியம்மனின் வருகையாகக் கருதி, முதற்செயலாக வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினர். அந்தக் கொத்து அம்மனுக்குரிய மரியாதையாக இருந்ததோடு, உள்ளே நோயாளி இருக்கிறார் என்பதைத் தெருவுக்கு அறிவிக்கும் குறியாகவும் பயன்பட்டது. அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுச் சுபகாரியங்களுக்குச் செல்லமாட்டார்கள். கொடுக்கல் வாங்கலும் நின்றுவிடும். நோயாளியை வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடத்தி, அரிப்பெடுத்தால் நகம் படாதபடி வேப்பிலைக் கொத்தாலேயே வருடிவிட்டனர். அடுப்பில் தாளிப்பதும் எண்ணெயில் பொரிப்பதும் விலக்கப்பட்டதால், கூழ், மோர், இளநீர், பழையசோறு ஆகியவையே வீடு முழுமைக்கும் உணவாயின.

இத்தனிமை முடிவதற்கு நாள்கணக்கைவிட நோயின் போக்கே அளவாக இருந்தது. கொப்புளங்கள் இறங்கிப் பக்கு உதிரத் தொடங்கிய பிறகே தலைக்குத் தண்ணீர் ஊற்றினர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீரை இடைவெளி விட்டு முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று ஊற்றி, மூன்றாவது முடிந்த பின்னரே வீட்டைக் கழுவி, கோயிலுக்குச் சென்று, பழைய வாழ்க்கைக்குத் திரும்பினர். பெரியம்மை கண்டவரிடமிருந்து பக்குகள் முற்றிலும் உதிரும்வரை, ஏறத்தாழ மூன்று வாரங்கள், நோய் பிறருக்குத் தொற்றக்கூடும் என்று பிற்கால மருத்துவம் உறுதிசெய்தது. கிருமியைப் பற்றி எதுவும் அறியாத மக்கள் பக்தியின் வழியாக அந்தக் கால அளவை நெருங்கி வந்திருந்தனர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இவ்வாறு வாரக்கணக்கில் வாசலை அடைத்துக்கொள்ள, வீட்டுக்குள் தானியம் இருந்தாக வேண்டும். ஏரிப்பாசனத்தை நம்பிய இவ்வட்டாரத்து உழவர் வீடுகளில், மண்ணால் வனைந்த நெற்கூடாகிய குதிரும், பலகையால் செய்த பெட்டியாகிய பத்தாயமும் அதற்கெனவே இருந்தன. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழையாய்க் கழியும் என்பதால், பங்குனி, சித்திரை வெயிலிலேயே வடகம், வற்றல், அப்பளம் ஆகியவற்றைக் காயவைத்து, கொட்டை நீக்கிய புளியை உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்து, விறகையும் வறட்டியையும் நனையாத இடத்தில் அடுக்கிவைப்பது ஆண்டுதோறும் நடக்கும் வேலையாக இருந்தது. மழைக்காகச் சேர்த்த இந்தச் சேமிப்பே அம்மைக் காலத்திலும் குடும்பத்தைக் காத்தது. நோய்க்கென்று தனியாக ஏற்பாடு செய்யவேண்டிய நிலை அவ்வீடுகளுக்கு எழவில்லை.

பட்டு நெசவாளரின் நிலையோ வேறு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறியே வீட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். நெசவாளர் கால் மிதிக்கும் பலகைகளைத் தரையில் வெட்டிய குழிக்குள் அமைத்த குழித்தறியில்தான் காஞ்சிப் பட்டு நெடுங்காலம் நெய்யப்பட்டது. நீளவாட்டு இழைகளாகிய பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிச் சீர்செய்யும் வேலைக்குப் பலர் கூட வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்யும் கோர்வை முறைக்கு, நெசவாளரோடு பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிய இன்னொருவரும் வேண்டும். எனவே வேப்பிலை செருகிய வீட்டில் துணையாள் வராமல் தறி நிற்கும். தறி நின்றால், சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலியும் நிற்கும். கூலியைக் கொண்டே அரிசி வாங்கும் குடும்பத்துக்குக் குதிர் இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியே அந்த நாட்களைக் கடத்த வேண்டியிருந்தமையால், நோய் நீங்கிய பிறகும் அதன் கடன் தறியைவிட்டு நீங்கவில்லை.

ஆங்கிலேய அரசு தனிமையை வேறு வழியில் அணுகியது. பம்பாயில் பரவிய பிளேக்கை முன்னிட்டு 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்குப் பரந்த அதிகாரத்தை அளித்தது. புனேயில் வீடு புகுந்து சோதனையிட்டு நோயாளிகளை அகற்றிய முறை, பிளேக் அதிகாரி ராண்டின் கொலையில் முடியும் அளவுக்கு மக்களின் சினத்தைக் கிளறியது. சென்னை மாகாணமோ 1939இல், தொற்றுநோயை அறிவித்தல், நோயாளியைப் பிரித்துவைத்தல் ஆகியவற்றை உள்ளடக்கிய பொதுச் சுகாதாரச் சட்டத்தை விரிவாக இயற்றியது. ஆனால் பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியே ஆகும். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. இராமச்சந்திர ராவ் 1960களில் நோய்கண்ட குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஒரே வீட்டில் தடுப்பூசி போடாதோருக்கே நோய் பெருமளவில் தொற்றியது தெரியவந்தது. வேப்பிலைக் கொத்து தெருவைக் காத்தபோதிலும், கதவுக்கு உள்ளே இருந்த குழந்தைகளைக் காக்க அதற்கு வழியில்லை. பழைய ஒழுங்கு தோற்ற இடம் இதுவே. கிண்டி கிங் நிலையத்தில் தயாரான அம்மைப்பாலும், வீடு வீடாகச் சென்று குத்திய பணியாளரின் உழைப்பும் அந்தக் குறையை நீக்கின. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல் பதிவாயிற்று. 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளியாக 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டவர் ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் என்பதால், புதிய தனிமையின் வரலாறும் இம்மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறது. மார்ச் 24 மாலை முதல் மாநிலம் முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வேப்பிலை இருந்த இடத்தில் சுகாதாரத் துறையின் அறிவிப்புத்தாள் ஒட்டப்பட்டது. அம்மை ஒழுங்கின் மரியாதை அந்தத் தாளுக்கு இல்லாததால், அது ஒட்டிய வீடுகள் பல இடங்களில் பழிக்கும் ஆளாயின. தறிகள் மீண்டும் நின்றன. பட்டுநூலும் சரிகையும் வெளியிலிருந்து வருவதும், நெய்த சேலை கடைக்குச் செல்வதும் ஒரே நேரத்தில் தடைப்பட்டதால், நோயே காணாத நெசவாளர் வீடுகளும் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டன. அப்போது பெரும்பாலான குடும்பங்களுக்குக் குதிராக நின்றது நியாயவிலைக் கடையே. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் டோக்கன் முறையில் வழங்கப்பட்டன.

வீட்டைத் தனிமைக்கு ஆயத்தம் செய்வது தனிக் குடும்பத்தின் சாமர்த்தியத்தால் மட்டும் முடிவதில்லை என்பதை இந்த வரலாறு ஐயமறக் காட்டுகிறது. குதிர் இருந்தவர் கதவை அடைத்தனர். அன்றாடக் கூலியை நம்பியவர் கடன்பட்டோ பசித்தோ அடைத்தனர். அதுவும் முடியாதவர் திறந்துவைத்தனர். ஆகையால் அடுத்த நோய்க்காலத்தில் கதவை மூடச் சொல்லும் அரசு, அந்த ஆணை பிறக்கும் நாளிலேயே அரிசியையும் கூலி இழப்புக்கு ஈட்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.