நாத்திகர்: ஒரு சொல் கடந்து வந்த வழி

கடவுள் இல்லை என்பவர் நாத்திகர். இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் இந்தப் பொருள், சொல்லுக்கு வெகுகாலம் பிந்தியது. வடமொழியில் ‘நாஸ்தி’ என்றால் ‘இல்லை’. எது இல்லை என்பதைச் சொல் சொல்வதில்லை. இலக்கண ஆசிரியர் பாணினியின் சூத்திரம் (4.4.60) ஆஸ்திகர், நாஸ்திகர் என்னும் சொற்களின் ஆக்கத்தைக் காட்டுகிறது. உரைகாரர் அங்கே வருவித்துக்கொண்டது கடவுளை அன்று, மறுவுலகை. மனுஸ்மிருதியோ (2.11) வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்றது. படைப்புக்கு ஒரு கடவுள் வேண்டியதில்லை என்று வாதிட்ட மீமாம்சகர், வேதத்தைப் பிரமாணமாகக் கொண்டதால் ஆஸ்திகர் வரிசையில் இருந்தார். தவமும் வினைக்கொள்கையும் பேணிய சமணர் வெளியே நின்றார்.

தமிழில் இந்த முரண் கண்ணெதிரே நிகழும் இடம் மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதை. வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை விரிக்கிறார்கள். கடைசியில் வருபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் மதுவின் களிப்பு பிறக்கிறதே, அப்படித்தான் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது; கண்டதே மெய், கருத்தளவையாகிய அனுமானம் பொய் என்கிறான். பௌத்த நெறியில் நிற்கும் காப்பிய நாயகி மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். மனுவின் அளவுகோலில் அவளும் நாஸ்திகியே என்பதை நூலாசிரியர் சாத்தனார் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ!

பிற்காலச் சைவ சித்தாந்தம் இரண்டே கட்டங்களோடு நிற்கவில்லை. உலகாயதரும் பௌத்தரும் சமணரும் மிகத் தொலைவான புறப்புறம். மீமாம்சகரும் சாங்கியரும் அதைவிட நெருங்கிய புறம். கடவுளை ஏற்காதவர்களே இரு படிகளில் வைக்கப்பட்டனர். இது எதிராளி தன்னிடமிருந்து எவ்வளவு தொலைவு என்று சைவம் அளந்த அளவு. எதிராளியிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த நிலை 19ஆம் நூற்றாண்டில் மாறியது; நாத்திகர் தாமே பேசத் தொடங்கினர். சென்னை லௌகிக சங்கத்தார் 1880-களில் ‘தத்துவவிவேசினி’ இதழை நடத்தினர். அவர்கள் பெரிதும் மதித்த ஆங்கிலேயர் சார்லஸ் பிராட்லாவின் நிலை நுட்பமானது: ‘கடவுள்’ என்பதற்கு நீங்கள் சொல்லும் பொருள் எனக்கு விளங்கவில்லை, விளங்காததை மறுப்பது எப்படி என்பது அவர் கேள்வி. ‘இல்லை’ என்று சாதிப்பது வேறு, நம்பக் காரணம் காணாதிருப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் மேடைகள் பின்னாளில் அவ்வளவாகப் பேணவில்லை என்பது என் எண்ணம். சுயமரியாதை இயக்கத்துக்குக் கடவுள் மறுப்பு தர்க்கப் புதிராக இருக்கவில்லை. சாதியின் வேரை அறுக்கும் வேலையாக இருந்தது.

1930-களின் நடுவில் ப. ஜீவானந்தம் பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழாக்கினார், அதற்காகக் கைதானார். நூலின் பெயர் ‘நான் நாத்திகன் ஏன்?’ பிறர் சூட்டிய வசைப்பெயர் அங்கே தன்மை இடத்தில் நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆறு மதங்களுக்குக் குறியீட்டு எண்கள் இருந்தன. மனு வெளியே நிறுத்திய பௌத்தருக்கு 5, சமணருக்கு 6. நாத்திகருக்கு எண் இல்லை.