சொல்லுக்கு ஒரு சென்ட்

துப்பறியும் கதை இலக்கியமாகுமா என்ற வினா நம் வகுப்பறைகளில் எழுந்தால், பெரும்பாலும் ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். அவ்வினாவைப் புன்னகையின்றி எதிர்கொண்டவர் ரேமண்ட் சாண்ட்லர். 1944 டிசம்பரில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் அவர் எழுதிய ‘தி சிம்பிள் ஆர்ட் ஆஃப் மர்டர்’ என்ற கட்டுரையை நாம் இன்றும் படிக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய தாக்குதல் ஆங்கிலப் பண்ணை வீட்டுக் கொலைக்கதைகள் மீது. ஏ. ஏ. மில்னின் ‘தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி’ (1922) நாவலை எடுத்துக்கொண்டு தையல் தையலாகப் பிரிக்கிறார். இறந்தவர் இன்னார்தான் என்பதை முறையாக நிறுவாமலே அதில் மரண விசாரணை நடந்து முடிகிறது! கனவான்கள் தேநீர் அருந்தும் வீட்டில் கொலை ஒரு புதிராக மட்டுமே கிடக்கிறது. சாண்ட்லருக்கு இது கலைக்குறை மட்டுமன்று; கொலை எவரால், எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை அறியாத ஒரு வர்க்கத்தின் அறியாமையும்கூட. டாஷியல் ஹாமெட்டை அவர் போற்றியது அதனால்தான். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டவர், பின்னர் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஹாமெட். கொலையை, காரணத்தோடு அதைச் செய்யும் மனிதர்களிடமே அவர் திருப்பித் தந்தார் என்பது சாண்ட்லரின் கருத்து.

ஆனால் இதைச் சொன்னவர் யார்? 1888இல் சிகாகோவில் பிறந்து, இங்கிலாந்தின் டல்விச் கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றவர். எண்ணெய் நிறுவனமொன்றில் உயர் பதவி வகித்து, 1932இல் வேலை இழந்தவர். அமெரிக்கப் பேச்சுமொழியை அயல்மொழிபோலக் கற்க நேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். தெருவின் மொழியை அவ்வளவு கூர்மையாகக் கேட்க முடிந்தது அந்த அந்நியத்தால்தான் என்பது நம் எண்ணம். 1947இல், தம் வாக்கியத்தை இலக்கணப்படி திருத்திய மெய்ப்புத் திருத்துநர்மீது சினந்து அதே இதழின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம், கற்றவன் வேண்டுமென்றே மீறும் இலக்கணத்துக்கு வாதாடுகிறது. (நம் மாணவர்கள் இதைச் சலுகையாகக் கொள்ளாதிருக்கட்டும்!)

அவருடைய பார்வையும் குறையற்றதன்று. ‘ஃபேர்வெல், மை லவ்லி’ (1940) நாவலில் கறுப்பின மக்களைக் குறிக்கும் சொற்கள் இன்று நம்மைக் கூசவைக்கின்றன. நாளொன்றுக்கு இருபத்தைந்து டாலரும் செலவும் கேட்கும் மார்லோவும், உற்று நோக்கினால், கவசம் கழற்றிய ஒரு வீரர்தாம்.

பதிப்புலகம் பற்றி அவர் சொன்னது கசப்பானது. சராசரி இலக்கிய நாவல் அச்சேறுவதேயில்லை. சராசரித் துப்பறியும் நாவலோ அச்சேறி, வாடகை நூலகங்களில் வாசிக்கப்பட்டும் விடுகிறது என்றார். இதை அவர் வெளியில் நின்று சொல்லவில்லை. ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவுத்தாள் இதழ் 1933இல் வெளியிட்ட அவருடைய முதல் கதைக்குக் கிடைத்தது 180 டாலர். சொல்லுக்கு ஒரு சென்ட். அதை எழுத அவருக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

அத்தகைய கதைகள் சிலவற்றை உருக்கித்தான் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) முதலிய நாவல்களை அவர் வார்த்தார். உருக்கிய பழங்கதைகளை மீண்டும் நூலாக்க அவர் இசையவில்லை. 1959இல் அவர் மறைந்தார். 1964இல் அக்கதைகள் ‘கில்லர் இன் தி ரெயின்’ என்ற பெயரில் நூலாக வந்தன.